உங்கள் ஊரில் வாடை திரும்பிவிட்டதா? ஊர்வாரியாக எழுதுங்கள்

பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்) – அக்டோபர் 8, காலை 6.20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக இங்கே சாயங்காலமானால் இடி இடித்து ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டுப் போகிறது, விடிந்தால் பளிச்சென்று வெயில். பக்கத்து வயல்காரர் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டது என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. நேற்று களத்தில் கொஞ்சம் நெல்லைத் தூற்றிப் பார்த்தேன், பதர் கிழக்குப் பக்கம்தான் போய் விழுந்தது. அப்படியென்றால் காற்று இன்னும் மேற்கேயிருந்துதானே வருகிறது, வடக்குப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த வாடை இன்னும் திரும்பவில்லைதானே?

ஆறு ஏக்கர் குறுவை நெல் நிற்கிறது, ஆடுதுறை 36 ரகம். இன்னும் எட்டுப் பத்து நாள் விட்டால் நன்றாக முற்றிவிடும். ஆனால் அதற்குள் அடைமழை பிடித்தால் எல்லாம் சாய்ந்துவிடும், டயர் வைத்த அறுவடை வண்டி வயலில் இறங்காது, பெல்ட் வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும், அறுத்த நெல்லைக் காயப்போட இடமும் இருக்காது. இப்போதே அறுத்தால் பச்சை நெல் கலந்து வரும். அதனால்தான் கேட்கிறேன். மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட இரண்டு விஷயம் எழுதுங்கள்: உங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, மழை எந்த நேரத்தில் வருகிறது.


மொட்டைமாடி (வேளச்சேரி) – அக்டோபர் 8, காலை 9.05

சார், உங்கள் கணிப்பு சரிதான், இது வெப்பச்சலன மழை. இங்கேயும் அதேதான். மதியம் வரை தரை நன்றாகச் சூடேறுகிறது, கடற்காற்று உள்ளே போய் மேற்குக் காற்றோடு முட்டுகிற இடத்தில் மேகம் எழும்புகிறது, ராணிப்பேட்டை காஞ்சிபுரம் பக்கம் உருவாகி இரவு ஒன்பது பத்து மணிக்கு எங்கள் தலைக்கு மேல் வருகிறது. அதாவது நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகிற மழை. பருவமழை இதற்கு நேர்மாறு. கடலிலிருந்து கரையேறும், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் பிடிக்கும்.

வானிலை ஆய்வுத் துறை தொடக்கத்தை அறிவிக்கச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஆந்திரக் கடலோரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் கிழக்குக் காற்று நிலையாக வீச வேண்டும், அதுவும் தரையோடு நிற்காமல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை. கடலோர மாவட்டங்களில் பரவலாக மழையும் பெய்திருக்க வேண்டும். எப்படி இருந்தாலும் அக்டோபர் 10-க்கு முன் அறிவிப்பதில்லை, வழக்கமான தேதி அக்டோபர் 20 வாக்கில். ஐரோப்பியக் கணினி வானிலை மாதிரி அடுத்த வாரக் கடைசியில்தான் கிழக்குக் காற்றைக் காட்டுகிறது, அமெரிக்க மாதிரி ஓரிரு நாள் முன்னதாக. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.


கும்பப்பூ (குலசேகரம்) – அக்டோபர் 8, இரவு 8.40

குமரி மாவட்ட நிலவரம். எங்களுக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது கடினம். ஆனால் மழையின் குணம் மாறிவிடும். ஜூன், ஜூலையில் சத்தமில்லாமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். இப்போது காலை முழுவதும் வெயில், இரண்டு மணிக்கு மலைப் பக்கம் கறுக்கிறது, மூன்று மணிக்கு இடியோடு இறங்குகிறது. இதைத்தான் எங்கள் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள், துலாம் என்றால் ஐப்பசி. எங்களைக் கேட்டால் வந்துவிட்டது என்றுதான் சொல்வோம்.

ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் நல்லது. பால்வெட்டு விடியற்காலை வேலை, மதியத்துக்குள் பாலெடுத்துவிடலாம். நவம்பரில் காலை மழை ஆரம்பித்தால் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தாலும் வெட்டு நாள் குறைந்துபோகும். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவும் எங்கள் பக்கம் இப்போதுதான் நடக்கிறது.


காற்றாடி (உடுமலை) – அக்டோபர் 9, காலை 7.15

எங்கள் ஊரில் காற்றைக் கேட்க வேண்டியதே இல்லை, காற்றாலையைப் பார்த்தால் போதும். மே மாதக் கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று (மேற்குக் காற்று) அடித்துக்கொண்டே இருக்கும், துணி காயப்போட்டால் பறந்துபோகும். பத்து நாளாக அந்தக் காற்று செத்துவிட்டது. றெக்கைகள் பாதி நேரம் சும்மா நிற்கின்றன, சுற்றினாலும் சோம்பலாகச் சுற்றுகின்றன. மேல்காற்று போய்விட்டது, கீழ்காற்று (கிழக்குக் காற்று) இன்னும் வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம்.

மொட்டைமாடி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெப்பச்சலன மழை என்று நீங்கள் ஒதுக்குகிற இந்தச் சாயங்கால மழைதான் கொங்குப் பக்கத்துக்குப் பெரிய மழை. மலை மறைவில் இருக்கிறோம், தென்மேற்கில் எங்களுக்குச் சாரல்தான். கோயம்புத்தூருக்கு வருடத்தில் அதிகம் மழை தருவது அக்டோபர் மாதம். கடலோரத்தில் பெய்தால்தான் பருவமழை, இங்கே பெய்தால் வேறு ஏதோ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தென்னைக்கு இந்த மழைதான் ஆறு மாதத் தண்ணீர்.


கரிசல் மேடு (விளாத்திகுளம் பக்கம்) – அக்டோபர் 9, இரவு 9.30

எங்கள் பக்கம் சாயங்கால மழையும் இல்லை, விடியற்காலை மழையும் இல்லை. மேற்கே மின்னுகிறது, அவ்வளவுதான். புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு மழை கிடைத்தது, அதை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போட்டோம். முளைத்தது பாதி, அதுவும் வாடி நிற்கிறது. மீதி விதை மண்ணுக்குள்ளேயே எறும்புக்கும் மயிலுக்கும் போய்விட்டது.

எனக்கு இந்த அறிவிப்பின் மேலேயே வருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் பருவமழை தொடங்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டாவது தடவை விதை வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். 2016-ல் அக்டோபர் 30-ந் தேதி தொடங்கியது என்றார்கள். அந்தப் பருவம் மாநிலத்துக்கே 62 சதவீதம் மழை குறைவு, எங்கள் காட்டில் ஒரு மணி தானியம்கூட வீடு வந்து சேரவில்லை. 2023-ல் அதற்கு மறுபக்கம், டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையெல்லாம் மூழ்கியது, எங்கள் பக்கத்தில் பூப்பிடித்து நின்ற பயிரும் அழுகியது. தொடங்கிய தேதியை வைத்து மானாவாரிக்காரன் என்ன செய்வது?


மொட்டைமாடி (வேளச்சேரி) – அக்டோபர் 9, இரவு 10.10

கரிசல் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. துறைக்காக வாதாடவில்லை, ஆனால் அந்த அறிவிப்பு சொல்வது காற்று மாறியதை மட்டும்தான். கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும் வழி திறந்தது என்று அர்த்தம், எந்த ஊரில் எவ்வளவு பெய்யும் என்பது அதற்கப்புறம் கடலில் உருவாகிற காற்றழுத்தத் தாழ்வுநிலைகளைப் பொறுத்தது. செய்தியில் வரும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது, அது உண்மை.

காற்றாடி அண்ணாவுக்கு: நான் ஒதுக்கவில்லை. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை எப்படிப் பெய்தாலும் அந்த மழை வடகிழக்குப் பருவக் கணக்கில்தான் சேர்கிறது. ஆக, கணக்கு ஒன்றாம் தேதியே தொடங்கிவிடுகிறது, காற்று பின்னால் வருகிறது.


உப்பளத்து மகள் (தூத்துக்குடி) – அக்டோபர் 10, காலை 5.50

நான் இங்கே புதிது. எங்களுக்கு ஒரு நல்ல மழை போதும், சீசன் முடிந்துவிடும். தை, மாசியில் பாத்தி கட்ட ஆரம்பித்து இவ்வளவு நாள் வெயிலில் எடுத்த உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது, ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடுகிற வேலை நேற்றே தொடங்கிவிட்டது. காற்று இன்னும் மேற்கு, தென்மேற்கு. ஆனால் பகலில் நடுவில் நின்று போகிறது. உப்பு வாருகிற என் அம்மா, காற்று நின்றாலே பாத்தியில் உப்பு பூப்பது மந்தமாகிவிடும், அதுதான் முதல் அடையாளம் என்பார்.

மழை வந்தால் மூன்று மாதம் கூலி இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. அதனால் மேலே எல்லோரும் மழைக்காகக் காத்திருப்பதைப் படிக்கும்போது மனது இரண்டாகப் போகிறது. கரிசல் அண்ணன் காட்டுக்கும் எங்கள் உப்பளத்துக்கும் நடுவில் பெரிய தூரமில்லை, அவர்களுக்கு மழை வேண்டும், எங்களுக்கு இன்னும் பதினைந்து நாள் வெயில் வேண்டும்.


நல்லூர் வீதி (யாழ்ப்பாணம்) – அக்டோபர் 10, இரவு 7.25

இலங்கையில் இந்தக் கேள்விக்கு வேறு விடை. எங்கள் வானிலைத் திணைக்களக் கணக்கில் ஒக்டோபர், நவம்பர் இரண்டும் இரண்டாவது இடைப்பருவக் காலம், வடகிழக்குப் பருவம் டிசம்பரில்தான் தொடங்கி பெப்ரவரி வரை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கூடுதலாக மழை விழுவது இந்த ஒக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒரே மேகம், நீங்கள் அதைப் பருவமழை என்கிறீர்கள், எங்கள் ஏட்டில் அது இடைப்பருவம். சனம் இரண்டையும் பார்ப்பதில்லை, மாரி தொடங்கிவிட்டதா என்றுதான் கதைக்கும்.

சோழகம் (தென்மேற்குக் காற்று) விழுந்துவிட்டது. ஆடியில் பட்டம் ஏற்றின காற்று இப்போது இல்லை. முந்தநாள் பின்னேரம் நல்ல இடி முழக்கம், ஒரு மணித்தியால மழை. வாடை இன்னும் வரவில்லை. எங்களுக்கு ஆறும் இல்லை, மலையும் இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். அந்தத் தண்ணீரை நிரப்ப இந்த மூன்று மாதம் மட்டும்தான். எங்கள் கிணற்றில் இப்போது கயிறு முழுவதும் விட வேண்டியிருக்கிறது. வன்னியில் காலபோகத்துக்கு (மாரிக்கால நெல்லுக்கு) விதைப்பு தொடங்கிவிட்டார்கள்.


கோத்தகிரி தேயிலை – அக்டோபர் 11, காலை 8.00

நீலகிரியிலும் ஒரே பதில் கிடையாது. கூடலூருக்குத் தென்மேற்குதான் எல்லாம், எங்களுக்கும் குன்னூருக்கும் கிழக்குச் சரிவு என்பதால் ஐப்பசி, கார்த்திகைதான் கனமழைக் காலம். மலைக்கு மேற்கே ஒரு பருவம் முடிகிறபோது கிழக்கே அடுத்தது தொடங்குகிறது, நடுவில் பேருந்தில் ஒரு பகல்தான்.

இப்போது மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மூடுபனி ஏறுகிறது. மூடுபனி கீழேயிருந்து ஏறினால் கீழ்காற்று நெருங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள், பல வருடம் சரியாக இருந்திருக்கிறது. 2009 நவம்பர் மறக்க முடியாது. சமவெளியில் அடைமழை என்றால் குடை, இங்கே அடைமழை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு. அந்த வருடம் ஒரே இரவில் எத்தனையோ இடங்களில் சரிந்தது, உயிர்கள் போயின. அதனால் முதல் மழைக்கு முன்பே வாய்க்காலை வெட்டிவிடுவது எங்கள் வீட்டில் கட்டாயம். நேற்றுதான் முடித்தோம்.


மேப்பிள் நிழல் (டொராண்டோ) – அக்டோபர் 11, இரவு 11.45

நல்லூர் வீதி அண்ணா, நான் கொக்குவில்தான், இப்போது கனடாவில். இங்கேயும் இதே சண்டை நடக்கிறது. நாட்காட்டியில் செப்டம்பர் 22 வாக்கில் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது, வானிலைக்காரர் கணக்கில் செப்டம்பர் 1-லேயே. வடக்கே அல்கொன்குவின் காட்டில் மேப்பிள் சிவந்து உதிரத் தொடங்கிவிட்டது, எங்கள் தெருவில் இன்னும் பாதிப் பச்சை. காலையில் ஆறு பாகை (டிகிரி), மதியம் பதினெட்டு. ஜக்கெட் போட்டுக்கொண்டு போய்க் கையில் தூக்கிக்கொண்டு வருகிறோம். தோட்டத்தில் மிளகாயும் கத்தரியும் இன்னும் காய்க்கிறது, முதல் உறைபனி விழுகிற இரவில் எல்லாம் கறுத்துவிடும், அதனால் தினமும் படுக்கும் முன் வெப்பநிலையைப் பார்க்கிறேன். ஊரில் அம்மா கிணற்றைப் பார்க்கிறார்.


பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்) – அக்டோபர் 12, காலை 6.00

இத்தனை ஊரிலிருந்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை, நன்றி. எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மேல்காற்று எல்லா இடத்திலும் தளர்ந்துவிட்டது: உடுமலையில் காற்றாலை நிற்கிறது, தூத்துக்குடியில் பாத்தி மந்தம், யாழ்ப்பாணத்தில் சோழகம் விழுந்தது. ஆனால் வாடை யாருக்கும் வரவில்லை. முதலில் ஒன்று போக வேண்டும், அப்புறம்தான் மற்றது வரும், நடுவில் இருக்கிற இந்த நாட்கள்தான் என் அறுவடைக்குக் கிடைக்கிற நாட்கள்.

பழைய கணக்கில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர் காலம். மழையை மட்டும் வைத்துச் சொன்ன பேர் இல்லை அது, குளிர்ந்த காற்றைச் சேர்த்துச் சொன்னது. கார் காலமே ஆவணி, புரட்டாசி என்று தனியாக இருக்கும்போது, புரட்டாசி இடிமழையைப் பார்த்துப் பருவம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊருக்கு ஊர் வருகிற நாள் வேறு என்பதும் சரி. அதனால்தான் அறிவிப்பைவிட இப்படி ஊர்வாரியாகக் கேட்பது எனக்கு உதவுகிறது. செவ்வாய்க்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன்.


காற்றாடி (உடுமலை) – அக்டோபர் 12, காலை 9.20

நல்ல முடிவு. கார், கூதிர் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். என் மழையைக் கார் மழை என்று வைத்துக்கொள்கிறேன், அதில் எனக்குக் குறை இல்லை.


நாகை வலை (நாகப்பட்டினம்) – அக்டோபர் 15, காலை 10.30

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். கடல் நிலவரம் எழுத யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். நேற்று ராத்திரி போட் வந்தவர்கள் சொன்னது, நீரோட்டம் திரும்பிவிட்டது. இத்தனை நாள் தெற்கேயிருந்து வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது வடக்கேயிருந்து தெற்கே இழுக்கிறது, வலை போகிற போக்கிலேயே தெரிகிறது. காற்று இன்னும் முழு வாடை (நேர் வடக்கு) இல்லை, வாடைக்கொண்டல், அதாவது வடகிழக்கு. காலையில் முகத்தில் ஈரம் அடிக்கிறது. கரையில் மணலும் இனி தெற்கே நகர ஆரம்பிக்கும். மன்னார்குடி அண்ணன் வயலுக்கு எங்கள் காற்று வர ஒரு நாள்கூட ஆகாது, மீதி அறுப்பு இருந்தால் முடித்துவிடுங்கள்.


மொட்டைமாடி (வேளச்சேரி) – அக்டோபர் 16, மதியம் 2.15

அறிவித்துவிட்டார்கள். தென்மேற்கு முழுவதும் விலகியது, வடகிழக்கு தொடங்கியது. இன்று விடியற்காலை நான்கு மணிக்குக் கடல் பக்கமிருந்து மழை ஏறியது, இடி இல்லை, மாடியில் வைத்திருக்கிற குடுவையில் 38 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோகிற பேச்சு ஆரம்பித்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது.


பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்) – அக்டோபர் 18, காலை 7.10

ஐப்பசி ஒன்று. ராத்திரி மூன்றரைக்கு ஆரம்பித்த மழை இன்னும் விடவில்லை, சத்தமே இல்லாமல் நின்று பெய்கிறது. காற்று வடகிழக்கு. கதவைத் திறந்ததும் கால் சில்லிட்டது, வாடைதான், சந்தேகமே இல்லை.

ஆறு ஏக்கரில் நான்கரை ஏக்கர் அறுத்தாகிவிட்டது, ஒன்றரை நிற்கிறது, அதில் பாதி சாய்ந்துவிட்டது. அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துக் கிடக்கிறது, எனக்கு முன்னால் பதினோரு பேர். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முந்தாநாள் பார்த்தபோது என் நெல் 19. இந்த மழையில் அது இறங்கப் போவதில்லை. தார்ப்பாய் மூன்று போட்டிருக்கிறேன், அடியில் தண்ணீர் போகாமல் வைக்கோல் பரப்பி மேடு கட்டியிருக்கிறேன். பக்கத்தில் யாரிடமாவது பெரிய தார்ப்பாய் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், மன்னார்குடி, வடுவூர், நீடாமங்கலம் எங்கே என்றாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

நான்கரை ஏக்கராவது கரை ஏறியது இந்த இழையால்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாகை அண்ணன் எழுதியதைப் பார்த்துத்தான் அன்று ராத்திரி விளக்குப் போட்டு ஒன்றரை ஏக்கர் அறுத்தோம். கரிசல் அண்ணே, உங்கள் பக்கம் விழுந்ததா?


உப்பளத்து மகள் (தூத்துக்குடி) – அக்டோபர் 18, காலை 8.30

எங்களுக்கு நேற்று இரவு விழுந்தது. பாத்தி எல்லாம் வெள்ளம், சீசன் முடிந்தது. அம்பாரம் மூடியாகிவிட்டது, உப்பு தப்பித்தது. அம்மா இன்று வீட்டில்தான் இருக்கிறார், தை வரை என்ன வேலை கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.


கரிசல் மேடு (விளாத்திகுளம் பக்கம்) – அக்டோபர் 19, மாலை 5.40

நேற்று வரை மேகம் மட்டும்தான், அதனால் எழுதவில்லை. இன்று விடியற்காலை விழுந்தது. ஒரு உழவு மழை தேறும். காட்டில் இறங்கி விரல் விட்டுப் பார்த்தேன், நான்கு விரற்கடைக்கு நனைந்திருக்கிறது, அதற்குக் கீழே இன்னும் காய்ந்த மண்தான். வாடி நின்ற உளுந்து நிமிர்ந்திருக்கிறது. முளைக்காத இடத்துக்கு மறுபடி விதை போடலாமா, இல்லை இன்னொரு மழை வரட்டுமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என் தம்பி போடலாம் என்கிறான், நான் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறேன். காற்று இங்கேயும் வடகிழக்குதான். மொட்டைமாடி தம்பி, புதன்கிழமை வாக்கில் தெற்கே ஏதாவது காட்டுகிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.